எந்த இயக்கம்?

டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோவில் முதல் நாள் காலை கண்விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் மூடி வைத்த பிட்டு, ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் வாசற்கதவின் சாவி. இரவு வேலைக்குப் போன ரவி இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி சாந்தி விடியுமுன்பே தன் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டாள். பிட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது மாடி. கீழே கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டி இன்னோர் அடுக்குமாடி, அதற்கும் அப்பால் இன்னொன்று. எதிர்க் கட்டடத்தின் பால்கனிகளில் ஒன்றில் மட்டும் ஒரு சேலை தொங்கியது. குளிரில் விறைத்து, பலகை மாதிரி மொத்தமாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். விடுதிக் காப்பாளரும் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்பதால் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பிறகு அது என்னை விட்டுப் போகவே இல்லை. மாலை ஆறரைக்கு வெளிக்கதவைப் பூட்டுவேன். பூட்டிவிட்டு என் அறைக்குப் போய், வீடு வாசல் வேண்டாம் என்று ஊர் ஊராகத் திரிந்த அமெரிக்கக் கவிஞர்களைப் பற்றிப் படிப்பேன். பீட் தலைமுறை என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் தொடராக எழுதினேன். படித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவன் ரவி.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு அகதியாக வந்தவன். நண்பர்களோடு சேர்ந்து அவனும் ஒரு சிறுபத்திரிகை நடத்திவந்தான். பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றுக்காக நான் டொராண்டோ வருவது தெரிந்ததும், "அக்கா, எங்கட வட்டத்தில ஒருக்கால் வந்து கதையுங்கோ" என்று கேட்டான். கருத்தரங்கு முடிந்த அன்றே வந்து என்னை அழைத்துப்போனான். தொண்ணூற்று மூன்றாம் வருடத்து டிசம்பர். உரைக்கு இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது.

ரவியும் சாந்தியும் அன்பானவர்கள்தான். ஆனால் அவர்களைப் பார்ப்பதே அபூர்வம். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் நின்றபடியே குடும்பம் நடத்தினார்கள். "கறி பிரிட்ஜில கிடக்கு." "ஓம், சூடாக்கிச் சாப்பிடுறன்." அவ்வளவுதான். "ரீ போடட்டோ அக்கா?" என்று சாந்தி கேட்ட முதல் தடவை, டீயைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று ரவியின் பத்திரிகையில் படித்தபோதே அது வேறு ஏதோ ஊர் என்று நினைத்தவள் நான். ஒரே மொழிதான். ஆனாலும் அந்த வீட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் அரை நொடி பிந்திக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் துணிந்து வெளியே கிளம்பினேன். யோர்க்வில் என்ற தெருவைப் பார்க்கவேண்டும் என்று ஊரிலிருந்தே ஆசை. நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் பீட் கவிஞர்கள் மூட்டிய தீ அறுபதுகளில் டொராண்டோவுக்கும் வந்தபோது இந்தத் தெருவில்தான் பற்றியது. வரிசையாகக் காபிக் கடைகள், தரையில் உட்கார்ந்து கவிதை படித்த இளைஞர்கள், கிதார். அப்படித்தான் நான் படித்திருந்தேன். பாதாள ரயில் ஏறி, மேலே வந்து, தெருவைக் கண்டுபிடித்தேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மென்மயிர்க் கோட்டுகள் தொங்கின. அடுத்த கடையில் வாசனைத் திரவியம். அதற்கடுத்து நகை. இங்கே முன்பு காபிக் கடைகள் இருந்தனவாமே என்று ஒரு கடை வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "காபியா? மூலையில் திரும்பினால் ஒன்று இருக்கிறது" என்று சிரித்தபடி கை காட்டினாள். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். தவறு அவளுடையது இல்லை.

திரும்பும்போது எதிர்த்திசையில் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன். வெளியே பனி கொட்ட, கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, எங்கே போகிறோம் என்று தெரியாமல் கடைசி நிறுத்தம்வரை போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "இறங்காதீர்கள். குளிரில் நிற்கவேண்டாம். நான் திரும்பி அந்தப் பக்கம்தானே போகப்போகிறேன்" என்றார். திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்தில் தவறான வண்டியில் கால் வைத்தாலே நாலு பேர் கத்திக் கீழே இறக்கிவிடுவார்கள். இங்கே முழுத் தூரமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவகையில் அது மரியாதை. அந்த மரியாதையோடு, காலி வண்டியில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலைதான் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது.

உரைக்கு ஒரு துண்டறிக்கை அடித்து, தமிழ்க் கடைகளில் ஒட்டியிருந்தான் ரவி. தலைப்பு நான் கொடுத்தது: 'போருக்குப் பிந்திய ஓர் இயக்கம்: தோற்றமும் இலட்சியங்களும்.' அதன் கீழே, திருச்சியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியை உரையாற்றுகிறார் என்று ஒரு வரி. திருச்சியில் இந்தத் தலைப்பைப் பார்த்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். இங்கே ரவியால் ரிசீவரைக் கீழே வைக்க முடியவில்லை.

"இல்லை அண்ணை, அந்த இயக்கம் இல்லை... இல்லை, அதுவும் இல்லை... அமெரிக்காவில இருந்த ஆக்கள். கவிதை எழுதினவை."

மறுமுனையில் யாரோ சத்தமாகக் கேட்டது எனக்கும் கேட்டது: "போர் எப்பயடா முடிஞ்சது?"

ரவி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் முடியவில்லை. "அக்கா, எங்கட ஆக்களுக்கு இயக்கம் எண்டா துவக்குத் தூக்கின ஆக்கள்தான். வேற அர்த்தம் இல்லை. நானாவது யோசிச்சிருக்கவேணும்."

துவக்கு என்றால் துப்பாக்கி. திராவிட இயக்கம், தனித்தமிழ் இயக்கம், மரம் நடும் இயக்கம் என்று வாழ்நாள் முழுவதும் புழங்கிய சொல். அது இந்த ஊரில் குண்டு மாதிரி வந்து விழுந்திருக்கிறது.

மறுநாள் ஒரு கடைக்காரர் துண்டறிக்கையைக் கிழித்துவிட்டார். உரைக்கு இடம் தருவதாகச் சொன்ன மண்டபத்துக்காரர், "தம்பி, பிரச்சினை வேண்டாம்" என்று கையை விரித்துவிட்டார். சாந்தி வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரவியிடம் பேசினாள். நான் அறைக்குள் இருந்தேன். கதவு மெல்லியது.

"உந்தப் பேப்பரில எங்கட ஃபோன் நம்பர் கிடக்கு. நாளைக்கு ஆரும் எங்களைப் பற்றி இமிகிரேசனுக்கு எழுதிக் குடுத்தா? எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. அது தெரிஞ்சும் உங்களுக்குக் கவிதை வேணுமோ?"

அகதி வழக்கைத்தான் அப்படிச் சொன்னாள். நான் வெளியே வந்து, கூட்டம் வேண்டாம், விட்டுவிடுவோம் என்றேன். சாந்தியின் முகம் சட்டென்று மாறியது. "உங்களில கோவமில்லை அக்கா. இருங்கோ, சாப்பாடு போடுறன்" என்று அடுப்படிக்குப் போனாள். அன்று உரொட்டியும் மாட்டிறைச்சிக் கறியும். நல்ல காரம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

நான் எழுதிய தொடரில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பயத்தைப் பற்றியது. பீட் கவிஞர்கள் தலையெடுத்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு கூட்டத்துக்குப் போனதற்காக வேலை போனது; பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அரசாங்கத்திடம் சொல்லச் சொன்னார்கள். இதையெல்லாம் நான் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். பயம் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் தீர்வு சொன்னவளும் சாந்திதான். எங்கள் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விழாவுக்கு விடும் ஓர் அறை இருந்தது. "எனக்குப் பிறந்தநாள் எண்டு சொல்லி எடுக்கிறன். தெரிஞ்ச ஆக்களை மட்டும் கூப்பிடுங்கோ."

சனிக்கிழமை பிற்பகல் பனி கனமாகக் கொட்டியது. ரவியின் நண்பர்கள் சிலர் வந்தார்கள். இரண்டு பேர் வேலை உடையிலேயே வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் ஒருவருக்குக் கண் சொக்கியது. சுவரில் யாரோ விட்டுப்போன காகிதத் தோரணம். கடைசி வரிசையில், தெரிந்தவர்கள் யாரோடும் சேராமல், அறுபது வயதுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, நனைந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நான் பேசினேன். உலகப் போர் முடிந்த சமயம், நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கூடிய நாலைந்து இளைஞர்களிலிருந்து தொடங்கினேன். படிப்பைப் பாதியில் விட்டவன், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், பணக்கார வீட்டிலிருந்து விலகி வந்தவன், சில்லறைத் திருட்டில் பிழைத்தவன். நாடு போரில் ஜெயித்திருந்தது. ஒரே மாதிரி வீடுகள், வாசலில் கார், உள்ளே குளிர்பதனப் பெட்டி, சாம்பல் நிறக் கோட்டு. தலைக்கு மேலே அணுகுண்டு. ஜெயித்தவர்களின் நடுவே இவர்கள் தங்களைத் தோற்றவர்களாக உணர்ந்தார்கள். 'பீட்' என்பதே தெருப் பேச்சிலிருந்து எடுத்த சொல். அடிபட்டு, ஓய்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவன் என்று பொருள். எல்லாம் போனபிறகு மனம் திறந்துகொள்ளும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே பேரின்பம் என்ற இன்னொரு பொருளையும் பிறகு கண்டெடுத்தார்கள்.

ஜாஸ் ஊதுகிறவன் ஒரே மூச்சில் ஊதுவதுபோல் எழுதவேண்டும், எழுதியதை வெட்கப்பட்டுத் திருத்தக்கூடாது என்று அவர்கள் சொன்னதைச் சொன்னேன். உடம்பைப் பற்றியும் பைத்தியத்தைப் பற்றியும் பொய் சொல்லாமல் எழுதியதை, சான்பிரான்சிஸ்கோவில் பழைய கார் பட்டறை ஒன்றில் ஒரு மாலை கவிதை படித்து ஊரையே எழுப்பியதை, ஆபாசம் என்று போலீஸ் பறித்த புத்தகத்தை நீதிமன்றம் விடுவித்ததை, சிலர் புத்தரைத் தேடியதை, சிலர் காசிவரை வந்து படித்துறையில் உட்கார்ந்ததை எல்லாம் சொன்னேன். அரசாங்கத்தைவிட நண்பன் பெரியவன், வீட்டைவிடச் சாலை பெரியது என்பதுதான் அவர்களின் கொள்கை என்று முடித்தபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

வேலை உடையில் வந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தார். "நல்லாக் கதைச்சனீங்கள் அக்கா. ஒண்டு கேக்கிறன். அவை வீட்டை விட்டிட்டு வெளிக்கிட்டவை. திரும்பிப் போறதெண்டா வீடு அங்கதானே இருந்தது?"

இருந்தது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாந்தி ரோல்ஸையும் தேநீரையும் கொண்டுவந்து என்னைக் காப்பாற்றினாள்.

எல்லோரும் சாப்பிட எழுந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். "ரீச்சர், நீங்கள் திருச்சியோ? உண்மையா?"

"ஆமாம்மா."

"தஞ்சாவூர் கிட்டவோ?"

"பக்கம்தான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்."

அவர் மேலே கேட்கவந்து, சுற்றிலும் பார்த்து, நிறுத்திக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். நானும் நிறுத்தம்வரை வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டேன். அவரைப் பரமேஸ் ஆன்ட்டி என்று ரவி சொன்னான். மகள் குடும்பத்தோடு பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறார், கடையில் துண்டறிக்கை கிழிபடுவதற்கு முன்பே பார்த்தவர், ஃபோன் பண்ணி இடம் கேட்டார் என்றான்.

பனியில் பேருந்து வரவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டோனட் கடை. அங்கே போய் உட்கார்ந்தோம். அவர் காபியைத் தொடவில்லை. கோப்பையைச் சுற்றிக் கைகளை வைத்துக்கொண்டார்.

"இந்தியாவில இருந்து ஒரு ரீச்சர் இயக்கத்தைப் பற்றிக் கதைக்க வாறா எண்டு போட்டிருந்தது. அதுதான் வந்தனான்," என்றார். "என்ர மகன் எண்பத்தி நாலில இயக்கத்துக்குப் போனவன். ரியூசனுக்கு எண்டு வெளிக்கிட்டவன். சைக்கிள் மட்டும் கடற்கரையில நிண்டது. பிறகு ஒரு பெடியன் வந்து சொன்னவன், தஞ்சாவூர்ப் பக்கம் ரெயினிங் எடுக்கிறான், தென்னந்தோப்பு ஒண்டுக்க முகாம் எண்டு. அதுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை."

ஊரின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர். அந்த வழியாகப் பலமுறை பேருந்தில் போயிருக்கிறேன்.

"உங்க பையன் பேர் என்னம்மா?"

"நந்தன். நந்தகுமார். ஆனா அங்க வேற பேர் வைப்பினமாம். அது என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். இயக்கம் என்று நான் போட்டது வேறு அர்த்தத்தில், உங்களை இந்தப் பனியில் வீணாக இழுத்துவிட்டேன் என்றேன். அவர் அவசரமாகக் கையசைத்தார். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நல்லாத்தான் இருந்தது." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதற்கோ என்னவோ, கேட்டார்:

"உங்கட அந்தக் கவிதைக்காரப் பெடியள். அவையின்ர தாய்மார் என்ன செய்தவை?"

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. படித்ததில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்ததைத் தேடிப் பொறுக்கினேன். ஒருவனின் தாய் மனநோய் மருத்துவமனையிலேயே செத்துப்போனாள். மகன் அவளுக்காக நீண்ட ஒப்பாரிக் கவிதை எழுதினான். சாலையைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் பெற்ற இன்னொருவனின் தாய் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அவனுக்குச் சோறு போட்டாள்.

"அவன் திரும்பி வந்தவனோ?"

"வருவாம்மா. ஊர் சுற்றிக் களைச்சா அவகிட்டதான் வருவான். அவ சாப்பாட்டு மேசையில உட்கார்ந்துதான் எழுதினான்."

"ஒவ்வொரு முறையும் வந்தவனோ?"

"ஒவ்வொரு முறையும்."

அவர் முகம் தெளிந்தது. ஏதோ தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்த செய்தியைக் கேட்டதுபோல். "வந்தோடன அவ என்ன சமைச்சுக் குடுத்தவ?" என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியவில்லை.

பேருந்து வந்தது. அவர் தன் மகள் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொல்ல, கடை ரசீது ஒன்றின் பின்புறம் எழுதிக்கொண்டேன். தேடித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. படியில் ஏறியபிறகு திரும்பி, "கவனமாப் போங்கோ ரீச்சர், வழுக்கும்" என்றார். பேருந்து போனபின் தெருவில் நான் மட்டும்தான். எங்கள் கட்டடம் எது என்று தெரிய நேரமாயிற்று. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ஊர் திரும்பி, அரையாண்டு விடுமுறையில் விடுதி காலியானதும், தஞ்சாவூர் போய் அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து அந்த அம்மா சொன்ன கிராமத்தில் இறங்கினேன். ஏன் போனேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தேநீர்க் கடைக்காரர் தோப்புக்கு வழி காட்டினார். "இருந்தாங்கம்மா, சிலோன் பசங்க. சாயங்காலம் பந்து விளையாடுவாங்க. ஒருநாள் காலையில பாத்தா ஒருத்தருமில்ல." நந்தன் என்று கேட்டேன். அவருக்கு எந்தப் பெயரும் நினைவில் இல்லை. தோப்பில் தென்னை மரங்கள் இருந்தன. விழுந்த மட்டைகள், ஓர் ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி, ஒரு கிணறு. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண் எனக்கும் ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

திருச்சியில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அஜக்ஸுக்குப் பேசினேன். அவரே எடுத்தார். போனேன், விசாரித்தேன், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன்.

"போனனீங்களோ?" என்றார். பிறகு, "தோப்பு இருக்கோ?"

"இருக்கும்மா."

"தண்ணி?"

"கிணறு இருக்கு. நல்ல தண்ணி. நான் குடிச்சேன்."

"எங்கட வீட்டுக் கிணறு உப்பு ரீச்சர்," என்றார். "குடிதண்ணிக்கு அவன்தான் குடம் கட்டிக்கொண்டு சைக்கிளில போறவன். அப்ப அங்க அவன் நல்ல தண்ணி குடிச்சிருக்கிறான்."

அதன்பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு பேருமே ஃபோனை வைக்கவில்லை.